காதுக்குள் ஒரு மழைக்காலம்

ஐப்பசி பிறந்தால் என் மேஜை முன்னால் தலையாட்டும் நாய்கள் வரிசையில் நிற்கும். காட்பாடியில் கத்திரி வெயில் கொளுத்தும்போது வருகிறவை உண்ணி, வயிற்றுப்போக்கு, வெயில் மயக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கி, சுவரில் ஈரம் ஏறி, துவைத்த துணி இரண்டு நாளாகியும் காயாமல் கொடியில் தொங்குகிற நாட்களில் வருவது காது. காந்தி நகரிலிருந்து லாப்ரடார், கழிஞ்சூரிலிருந்து காக்கர் ஸ்பானியல், சேனூர்ப் பக்கமிருந்து பீகிள். கூட்டி வருகிறவர் சொல்வதும் அநேகமாக ஒன்றுதான்: "டாக்டர், போன வருஷம் குடுத்த அதே சொட்டு மருந்த எழுதிக் குடுத்துடுங்க, போதும்."

எழுதிக் கொடுப்பது சுலபம். ஆனால் அந்தப் புட்டி போன வருடத்துக் காதுக்கு எழுதியது. இந்த வருடம் உள்ளே இருக்கும் கிருமி வேறாக இருக்கலாம். அதே கிருமிதான் என்றாலும், போனது ஏன் திரும்பி வந்தது? நெருப்பில்லாமல் புகையாது. நாய்க்காதில் ஈஸ்ட் பெருகுவது பெரும்பாலும் அந்தப் புகைதான். சொட்டு மருந்து புகையை விசிறி விரட்டும். அடுப்பு எங்கே எரிகிறது என்று பார்க்காவிட்டால் அடுத்த ஐப்பசியில் நாம் மறுபடி சந்திப்போம்.

மூக்கை நம்புங்கள், ஓரளவுக்கு

நல்ல காதில் மூக்கை வைத்துப் பார்த்தால் நாய் வாடை மட்டும்தான் வரும். ஈஸ்ட் பெருகிய காது வேறு. வெளியே வைத்து மறந்துபோன தோசை மாவு மூன்றாம் நாள் பொங்கி வழியும்போது வருமே, அந்தப் புளிப்பு. அதோடு கொஞ்சம் சிக்குப் பிடித்த எண்ணெய். நாய் படுத்து எழுந்த மிதியடியில்கூட ஒட்டிக்கொண்டிருக்கும். "குளிப்பாட்டி ரெண்டு நாள்தான் ஆவுது, அதுக்குள்ள நாறுது" என்று வருகிறவர்களில் பலருக்கு நாறுவது நாயின் உடம்பு அல்ல, காது.

மடலைத் திருப்பிப் பாருங்கள். உட்பக்கம் சிவந்து, தொட்டால் சூடாக இருக்கும். பஞ்சால் துடைத்தால் வெல்லப்பாகு நிறத்தில் பிசுபிசுப்பாக வரும். நாள்பட்ட காதில் தோல் கறுத்து, தடித்து, யானைத்தோல் போலச் சுருக்கம் விழுந்திருக்கும். நாய் பின்னங்காலால் காதைச் சொறியும்; சொறியும்போதே முனகும்; தலையை உதறும்; கதவு நிலையில் கன்னத்தைத் தேய்க்கும். காதடியைத் தடவிக்கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு உங்கள் கைமேல் சாயும். அதைப் பாசம் என்று மாதக்கணக்கில் நம்பியவர்களை எனக்குத் தெரியும்.

நிறத்தையும் வாடையையும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. காபித்தூள் போல உலர்ந்த கறுப்பு அழுக்கு, அதுவும் குட்டி நாயில், வீட்டில் பூனையும் இருந்தால், காதுப் பூச்சியாக இருக்கலாம். பூனையும் நாயும் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளும். மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் வடிந்தால் பாக்டீரியா. ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் ஒரே காதில் கூட்டுக் குடித்தனம் நடத்துவதும் உண்டு. நேற்று வரை ஒன்றுமில்லாமல், வயல் வரப்பில் ஓடிவிட்டு வந்த மாலையில் ஒரு காதை மட்டும் சாய்த்துக்கொண்டு துடித்தால், ஊசிப்புல்லோ நாயுருவி முள்ளோ உள்ளே போயிருக்கிறது என்று சந்தேகியுங்கள். நம் முன்னோர் அந்தச் செடிக்கு நாயுருவி என்று பெயர் வைத்தபோது நாயை நினைத்தார்களோ என்னவோ, விதை ஒட்டிக்கொள்ள நாயைப் போல வசதியான ஆள் வேறில்லை.

உள்ளே ஏற்கெனவே குடியிருப்பவர்

இந்த ஈஸ்ட்டின் பெயர் மலசீசியா பேக்கிடெர்மாடிஸ். முதல் பாதி மலசே என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரிலிருந்து வந்தது. இரண்டாம் பாதி தடித்த தோல் கொண்ட விலங்குகளைக் குறிக்கும் சொல். 1925-இல் வீட்மன் என்ற அமெரிக்கர் இதை முதன்முதலில் விவரித்தது நாயிடமிருந்து அல்ல, தோல் உரிந்துகொண்டிருந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்திடமிருந்து. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு இன்று நம் வீட்டு நாயின் காதில் உட்கார்ந்திருக்கிறது.

இது வெளியூரிலிருந்து வந்த கிருமி அல்ல. நோயில்லாத நாயின் காதிலும் தோலிலும் கால்விரல் இடுக்கிலும் சொற்பமாக எப்போதும் இருக்கும். பக்கத்து வீட்டு நாயிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று தெருச் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வி, இவ்வளவு நாள் அடங்கியிருந்தது இப்போது ஏன் பல்கிப் பெருகியது என்பதுதான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஈஸ்ட் என்றதும் ரொட்டி ஞாபகம் வந்து, "பன் குடுக்கறத நிறுத்திட்டோம் டாக்டர், தோசையும் நிறுத்திட்டோம்" என்பார்கள். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று புளிக்கவைக்கிறது. மலசீசியாவுக்குச் சர்க்கரையைப் புளிக்கவைக்கத் தெரியாது. அதன் உணவு கொழுப்பு. தோலில் சுரக்கும் எண்ணெயும் காதுக் குறும்பியில் உள்ள மெழுகும்தான் அதற்குச் சாப்பாடு. நாய்க்குப் பன் கொடுக்காமலிருப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் காதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கொழுப்பு இருக்கிறது. சூடு இருக்கிறது, நாயின் உடம்புச் சூடு 38 முதல் 39 டிகிரி. மூன்றாவதாக ஈரம் சேர்ந்துவிட்டால் கல்யாணம் களைகட்டிவிடும். ஈரம் ஏன் தங்குகிறது என்பதற்குக் காதின் வடிவமே பாதி பதில். நம் காதுக் குழாய் ஏறக்குறைய நேராக உள்ளே போகும். நாயின் காதுக் குழாய் "ட" என்ற எழுத்தைப் போல முதலில் கீழ்நோக்கி இறங்கி, பிறகு தலையின் உட்பக்கம் மடங்கி ஓடுகிறது. செவிப்பறை அந்தக் கிடைக்கோட்டின் கடைசியில். மேலேயிருந்து எட்டிப் பார்க்கிற உங்களுக்குத் தெரிவது செங்குத்துப் பகுதியின் வாய் மட்டும். நாம் பஞ்சால் துடைத்துவிட்டுச் சுத்தம் என்று சொல்வது பெரும்பாலும் வாசல் பெருக்கியதுதான், வீட்டுக்குள் போகவேயில்லை.

அந்த வாசலுக்கு மேல் தொங்கும் மடல் ஒரு கதவு. விறைத்த காது கொண்ட தெரு நாய்க்குக் கதவே இல்லை, காற்று தாராளமாகப் போய் வரும். லாப்ரடார், காக்கர், பீகிள், பாசெட் போன்றவற்றுக்குக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். காக்கருக்கு அதற்கும் மேல் மெழுகுச் சுரப்பிகளும் அதிகம். லாப்ரடாரோ தண்ணீரைக் கண்டால் நிற்காது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடிய வாரங்களில் நான் பார்த்த காதுகளை இன்னும் மறக்கவில்லை; வேறு வருடங்களில் பம்ப்செட் தொட்டி.

இதையெல்லாம் ஒருமுறை ஆம்பூரிலிருந்து நாயைக் கூட்டி வந்த ஒரு பாயிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், முப்பது வருட அனுபவம் உள்ளவர். நான் படம் வரைந்து முடிப்பதற்குள் அவரே சொன்னார்: "பச்சைத் தோலு வந்ததும் உப்பு போடறோம், எதுக்கு டாக்டர்? தண்ணிய இழுக்கத்தான். குரோமியத்துல பதப்படுத்துன தோல, வெட் ப்ளூம்போம், அத ஈரமாத்தான் வெச்சுக்கணும், அதனால பூசண மருந்து போட்டு அடுக்குவோம். மருந்து கொறஞ்சா மழை நாள்ல பச்சையும் கறுப்புமா புள்ளி விழுந்துடும். அப்ப இங்கயும் ஈரத்த எடுக்கணும், மருந்து அளவு கொறையக் கூடாது. அதானே?" அதேதான். நான் கால் மணி நேரமாகச் சொல்ல முயன்றதை அவர் ஒரு மூச்சில் முடித்துவிட்டார்.

ஸ்லைடு பார்க்காமல் மருந்து வேண்டாம்

நாய்க்காது விஷயத்தில் இந்தப் புத்தகத்திலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: மருந்துக்கு முன் ஸ்லைடு கேளுங்கள். பஞ்சுக் குச்சியால் இரண்டு காதிலிருந்தும் தனித்தனியாக அழுக்கெடுத்து, கண்ணாடித் துண்டில் உருட்டித் தடவி, லேசாகச் சூடு காட்டி, சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. பத்து நிமிட வேலை. ஈஸ்ட் என்றால் உள்ளே நீலமும் ஊதாவுமாக நிலக்கடலை வடிவில், சிலசமயம் ஈரக் காலின் தடம் போல, இடை சிறுத்து நிற்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. என்னிடம் வருகிறவர்களை நான் வற்புறுத்திக் கூப்பிட்டு அந்தக் கண்ணாடியில் பார்க்க வைப்பதுண்டு. பார்த்தவர்கள் மருந்தை நடுவில் நிறுத்துவதில்லை.

சும்மா இருக்கிறதா என்பதல்ல, எத்தனை இருக்கிறது என்பதுதான் கணக்கு. 40 எண் லென்ஸில் ஒரு பார்வை வட்டத்துக்கு 2 வரை தெரிந்தால் அது குடியிருப்பவர். 5-க்கு மேல் போனால் பெருகிவிட்டது என்று கொள்ளலாம். ஈஸ்ட்டோடு உருண்டைப் பாக்டீரியா இருந்தால் மருந்து வேறு. கோல் வடிவப் பாக்டீரியா இருந்தால் விஷயம் கொஞ்சம் கனமானது. வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குக்கூட அனுப்ப வேண்டியிருக்கும். வலது காதில் ஒன்றும் இடது காதில் வேறொன்றும் இருப்பது அதிசயமல்ல.

ஸ்லைடு இல்லாமல் என்ன ஆகிறது? பாக்டீரியாவுக்கான ஆண்டிபயாடிக் சொட்டை ஈஸ்ட் காதில் ஊற்றினால், ஈஸ்ட்டுக்குப் போட்டியாக இருந்த பாக்டீரியா செத்து, இடம் முழுக்க ஈஸ்ட்டுக்குக் கிடைக்கிறது. கூடவே அந்தச் சொட்டில் ஸ்டீராய்டும் இருக்கும், அரிப்பு அடங்கும், நாய் தூங்கும், மருந்து கேட்கிறது என்று நினைப்போம். பத்து நாள் கழித்து முன்னைவிட மோசமாக வரும்.

ஸ்லைடோடு சேர்ந்து இன்னொன்றும் நடக்க வேண்டும். ஓட்டோஸ்கோப்பை உள்ளே விட்டு செவிப்பறை முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பது. அது கிழிந்திருந்தால், வெளிக்காதில் சாதாரணமாகப் போடும் ஜென்டாமைசின் போன்றவையும் குளோர்ஹெக்சிடின் கலந்த திரவங்களும் உட்காதுவரை போய், கேட்கும் திறனையும் நிற்கும் நிதானத்தையும் கெடுத்துவிடலாம். காது வீங்கி மூடிக்கிடந்தாலோ வலியில் நாய் தொடவே விடாவிட்டாலோ, சில நாள் வீக்கம் வடிய மருந்து கொடுத்து, அல்லது மயக்கம் கொடுத்துப் பார்க்க வேண்டும். "பாக்கறதுக்கு எதுக்கு சார் மயக்கம்?" என்று முறைக்காதீர்கள். கிழிந்த செவிப்பறை தெரியாமல் மருந்து ஊற்றுவதை விட அது பாதுகாப்பு.

கழுவும் முறை

அழுக்கின்மேல் ஊற்றிய மருந்து தோலைத் தொடாது. மெழுகு மூடிய காதில் எந்த விலையுயர்ந்த சொட்டும் வீண். ஆகவே முதலில் கழுவல்.

வரவேற்பறையில் வேண்டாம். நாய் உதறும்போது சுவர், திரைச்சீலை, உங்கள் சட்டை எல்லாம் பழுப்புப் புள்ளியாகும். திண்ணையோ மொட்டை மாடியோ நல்லது. நாய்களுக்கென்று விற்கும் காது கழுவும் திரவத்தை, மருத்துவர் சொன்ன வகையை, வாங்கிக்கொள்ளுங்கள். மெழுகைக் கரைக்கும் பொருளும், லாக்டிக், சாலிசிலிக், போரிக் போன்ற மென்மையான அமிலமும் அவற்றில் இருக்கும். அமிலச் சூழல் ஈஸ்ட்டுக்கு ஒத்துக்கொள்ளாது. புட்டியைப் பத்து நிமிடம் கைக்குள் வைத்திருந்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டு வாருங்கள். குளிர்ந்த திரவம் காதில் இறங்கினால் நமக்கே தலை சுற்றும்; நாய் அடுத்த முறை புட்டியைக் கண்டதும் கட்டிலுக்கடியில் போய்விடும்.

மடலை மேல்நோக்கி லேசாக இழுத்துப் பிடியுங்கள். அப்போது "ட" கொஞ்சம் நிமிரும். குழாய் நிரம்பித் ததும்பும்வரை திரவத்தை விடுங்கள். இரண்டு சொட்டு விட்டுவிட்டுக் கழுவியதாகச் சொல்கிறவர்கள்தான் அதிகம், நிரம்ப வேண்டும். புட்டி முனை காதைத் தொடக் கூடாது, தொட்டால் துடைத்து வையுங்கள். பிறகு காதடியில், தாடைக்குப் பின்னால், குழாய் போலத் தட்டுப்படும் குருத்தெலும்பைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பிசையுங்கள். சளசளவென்று சத்தம் வந்தால் சரியான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். கையை எடுத்து, இரண்டடி தள்ளி நின்றுகொள்ளுங்கள். நாய் உதறும். உள்ளேயிருந்த அழுக்கை வெளியே கொண்டுவருவது அந்த உதறல்தான். நீங்கள் செய்வது வெளியே வந்ததைப் பஞ்சால் ஒற்றி எடுப்பது. விரல் போகும் தூரம் வரை போதும். பட்ஸ் வேண்டவே வேண்டாம். அது அழுக்கை மடக்குக்கு அப்பால் தள்ளி, செவிப்பறையின்மேல் கல்லாகக் கெட்டிப்படுத்தும்.

பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மருந்துச் சொட்டு. ஈஸ்ட்டுக்குக் க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல், நிஸ்டாடின் போன்றவற்றில் ஒன்று, வீக்கத்துக்கு ஸ்டீராய்டு, சேர்ந்தே வரும். எத்தனை சொட்டு என்பதைவிட எவ்வளவு மில்லி என்று மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். லாப்ரடார் காதும் பொமரேனியன் காதும் ஒன்றல்ல. பெரிய நாய்க்கு மூன்று சொட்டு என்பது கிணற்றில் போட்ட பெருங்காயம். விட்டபின் மறுபடி அரை நிமிடம் பிசையுங்கள்.

முடிந்ததும் ஏதாவது கொடுங்கள். ஒரு துண்டு கேரட்டானாலும் சரி. புட்டி வந்தால் தின்ன ஏதோ வரும் என்று நாய் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. வலியுள்ள காதைத் தொடும்போது வளர்த்தவரையே கடிக்கும் நாய் உண்டு. அதைக் குற்றமாக எண்ணாமல் வாய்க்கூடு மாட்டுங்கள். இருவராகச் செய்யுங்கள்.

எத்தனை நாள்? பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வாரம். வாடை ஐந்தாம் நாளே போய்விடும். அங்கேதான் முக்கால்வாசிப் பேர் நிறுத்துகிறார்கள். வாடை போனது உங்களுக்கு, ஈஸ்ட் போகவில்லை. மறுபடி ஒரு ஸ்லைடு வைத்து, அது சுத்தம் என்று தெரிந்தபிறகுதான் நிறுத்த வேண்டும். மாத்திரையாகப் பூஞ்சை மருந்து எல்லாக் காதுக்கும் தேவையில்லை. நடுக்காது வரை போனதற்கும், உடம்புத் தோலிலும் பரவியதற்கும்தான். அதற்குக் கல்லீரலைக் கவனித்துக்கொண்டு கொடுக்க வேண்டும், மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிற மருந்தல்ல.

ஊற்றக் கூடாதவை

என் மேஜைக்கு வந்த காதுகளில் முன்பே ஊற்றப்பட்டிருந்தவற்றைச் சொல்லி முடியாது. தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், துளசிச் சாறு, மஞ்சள் தண்ணீர், டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஒருமுறை ஆஃப்டர் ஷேவ். யாரையும் திட்டுவதில்லை, எல்லாம் அக்கறையில் செய்ததுதான். ஆனால் கொழுப்பைத் தின்னும் ஈஸ்ட் இருக்கிற குழாயில் எண்ணெய் ஊற்றுவது பந்தியில் இன்னொரு கரண்டி நெய் விடுவது போல. அதோடு, எண்ணெய் மூடிய காதில் மருத்துவருக்கும் ஒன்றும் தெரியாது. மஞ்சள் பேஸ்ட் காய்ந்து கட்டியாகி, அதை எடுக்கவே மயக்கம் கொடுக்க வேண்டியிருந்தது ஒரு நாய்க்கு. ஸ்பிரிட்டும் வினிகரும் புண்பட்ட தோலில் எரியும். பெராக்சைடு நுரைப்பதைப் பார்க்க வேலை நடப்பது போலத் தோன்றும், உள்ளே தோல் இன்னும் புண்ணாகும்.

காற்றுப் போகட்டும் என்று இரண்டு மடலையும் தலைக்கு மேல் தூக்கி ரப்பர் பேண்ட் போட்டு வருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். முடிக்குள் புதைந்த ரப்பர் ரத்த ஓட்டத்தை நிறுத்தி மடல் நுனியே கறுத்துப்போகும். ஷீ சூ, பூடில் வகையில் காது முடியை மாதாமாதம் பிடுங்குவதும் நல்ல காதில் தேவையற்ற வேலை. பிடுங்கிய இடம் வீங்கி, இல்லாத தொல்லையை வரவழைக்கும்.

திரும்பத் திரும்ப வந்தால்

வருடத்துக்கு ஒருமுறை, மழையில், நீச்சலுக்குப் பிறகு வந்தால் ஈரத்தைக் குறை சொல்லலாம். இரண்டு மூன்று முறை வந்தால், இரண்டு காதிலும் வந்தால், ஒவ்வாமையைத் தேடுங்கள். திரும்பத் திரும்ப வரும் நாய்க்காதுக்கு அடியில் பெரும்பாலும் இருப்பது அதுதான். காதுக் குழாயின் உட்புறமும் தோல்தானே. உடம்புத் தோல் ஒவ்வாமையில் சிவக்கும்போது அதுவும் சிவக்கிறது, வீங்குகிறது, மெழுகை அதிகம் சுரக்கிறது. ஈஸ்ட்டுக்கு அதைவிட என்ன வேண்டும்?

அடையாளம் காதில் மட்டும் இருக்காது. முன்னங்கால் பாதத்தை நக்கி நக்கி, வெள்ளை முடி செம்மண் நிறமாகியிருக்கும். அக்குள், வயிறு, முகம் சிவந்திருக்கும். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் முதன்முதலில் தொடங்கியிருக்கும். வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சி, மகரந்தம், பூசணம் என்று காரணங்கள் பல. வயதான, குண்டாகி மந்தமான நாய்க்கு முதல்முறையாக வந்தால் தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உணவு ஒவ்வாமையா என்று அறிய ரத்தப் பரிசோதனை நம்பத்தக்கதல்ல. எட்டு வாரம் கட்டுப்பாடான சாப்பாடுதான் வழி: இதுவரை அந்த நாய் தின்றிராத ஒரே ஒரு மாமிசமும் ஒரே ஒரு மாவுச்சத்தும், அல்லது மருத்துவர் தரும் சிறப்பு உணவு. நாய்களுக்கு அதிகம் ஒவ்வாதவை மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, கோதுமை, ஆட்டிறைச்சி. நம் பக்கத்து வீட்டு நாயின் தட்டில் இந்த ஐந்தும் ஒரே வாரத்தில் விழும். தயிர்சாதம், கோழிக்கால், மேரி பிஸ்கட், ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் மிஞ்சியது. எட்டு வாரத்தில் ஒரு பிஸ்கட் விழுந்தாலும் கணக்கு முதலிலிருந்து. தாத்தாக்களிடம் இதைத் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். அவர்கள் வேட்டி மடிப்பில்தான் பிஸ்கட் இருக்கும்.

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு சங்கதி: கடையில் விற்கும் கடிக்கும் எலும்பு பெரும்பாலும் எலும்பே அல்ல, மாட்டுத்தோலை முறுக்கிச் செய்தது. தோல் ஊரில் பிறந்த நமக்கே இது பலசமயம் தோன்றுவதில்லை. சோதனைக் காலத்தில் அதைக் கொடுத்தால் மாட்டிறைச்சி கொடுத்த மாதிரிதான். அதைவிட மோசம், தோல் ஷாப்பிலிருந்து கொண்டுவந்த வெட்டுத்துண்டைக் கடிக்கக் கொடுப்பது. அது குரோமியத்திலும் பூசண மருந்திலும் ஊறியது. காது நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாய் வாய்க்குப் போகக் கூடாது.

தாமதிக்கக் கூடாத நேரங்கள்

தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து நேராகாமல் இருந்தால், வட்டமிட்டு நடந்தால், கருவிழி ஊஞ்சல் போல ஆடினால், முகம் ஒரு பக்கம் தொங்கினால், கொட்டாவி விடும்போதும் சாப்பிடும்போதும் கத்தினால் நோய் நடுக்காதையோ உட்காதையோ தொட்டுவிட்டது. அன்றே போங்கள். உதறி உதறி மடலுக்குள் ரத்தக் குழாய் உடைந்து மடல் பூரி போல உப்பினால், அதை ஊசியால் நீங்களே குத்தி எடுக்காதீர்கள்.

சில காதுகள் வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டதில் குழாயே எலும்பு போலக் கெட்டியாகி மூடிவிடும். அப்போது மருந்துக்கு வேலையில்லை. குழாயை முழுவதும் எடுக்கும் பெரிய அறுவைச் சிகிச்சைதான். இதுபோன்றவற்றுக்கு நாங்கள் சென்னை வேப்பேரிக்கு அனுப்புவோம். 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கே இருக்கிறது. காட்பாடி சந்திப்பிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரச் சொச்சம்தான், ஆனால் நாயைச் சாதாரணப் பெட்டியில் ஏற்ற விடமாட்டார்கள். முதல் வகுப்பில் ஒரு கூபேயை முழுசாக எடுக்க வேண்டும், இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டு. காது வலியில் துடிக்கும் நாயைத் தனியாகக் கூண்டில் அனுப்ப எனக்கு மனசு வராது. காரில் போங்கள்.

கை கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. இந்த ஈஸ்ட் ஆரோக்கியமான மனிதர்களை அநேகமாக ஒன்றும் செய்யாது. ஆனால் வேலூர்ப் பக்கம் மருத்துவமனை வேலைக்குப் போகிறவர் இல்லாத தெரு உண்டா? அமெரிக்காவில் பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் 15 குழந்தைகளிடம் இதே நாய்க்காது ஈஸ்ட் கண்டுபிடிக்கப்பட்டு, அது ஊழியர்கள் வீட்டில் வளர்த்த நாய்களிலிருந்து கைவழியாக வந்திருக்கும் என்று 1998-இல் ஓர் ஆய்வு வெளியானது. எனவே நாயின் காதைக் கழுவிவிட்டு டியூட்டிக்குக் கிளம்புகிற சிஸ்டர்கள், சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டுக் கிளம்புங்கள். வீட்டில் கைக்குழந்தையோ நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரோ இருந்தாலும் அதே விதி.

இனி காது ஆறிய பிறகு. தொங்கு காது நாய்க்குப் புரட்டாசி கடைசியிலிருந்து தை வரை வாரம் ஒருமுறை கழுவல், மற்ற மாதங்களில் பதினைந்து நாளுக்கொருமுறை போதும். குளிப்பாட்டும் முன் காது வாயில் ஒரு பஞ்சு உருண்டை. முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள், எடுக்க மறந்த பஞ்சையும் நான் காதிலிருந்து எடுத்திருக்கிறேன். நீந்தி வந்த நாயின் மடலைத் திருப்பிப் போட்டுத் துண்டால் ஒற்றி, மின்விசிறிக்கு அருகே படுக்க வையுங்கள். மருந்துப் புட்டியைத் திறந்த அன்றே அதன்மேல் தேதியையும் நாயின் பெயரையும் எழுதி ஒட்டுங்கள். ஒரு நாயின் புட்டி இன்னொரு நாய்க்குக் கூடாது. சிகிச்சை முடிந்து மிஞ்சியது அடுத்த வருடத்துக்கு என்று ஃப்ரிட்ஜ் கதவில் ஏற வேண்டாம். குப்பைக் கூடையில் போடுங்கள். அடுத்த வருடம் வந்தால், புட்டியைக் கொண்டுவராமல் நாயை மட்டும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.